ஆள்கடத்தல் தடுப்புக் கல்வி: பள்ளியில் எப்படி நடத்துவது? ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு ஒரு பிள்ளை வெளியூர் வேலைக்குக் கிளம்புகிறது என்றால், பெரும்பாலும் தெரிந்த ஒருவரோடுதான் கிளம்புகிறது. ஊர்க்காரர், சித்தி முறை ஆகிறவர், அதே மில்லில் முன்பு வேலை பார்த்த பக்கத்துத் தெரு அக்கா. துணிமணி எடுத்து வைத்து, திருநீறு பூசி, பெற்றவர்களே பஸ் ஏற்றி விடுகிறார்கள். பள்ளியில் நாம் சொல்லிக்கொடுப்பதோ வேறு: "தெரியாதவர் சாக்லேட் கொடுத்தால் வாங்காதே", "வேனில் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்." பிள்ளை மனதில் பயம் தங்கிவிடுகிறது. ஆனால் சித்தி வந்து கூப்பிடும்போது அந்தப் பயத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை.

6 முதல் 12ஆம் வகுப்பு வரை பாடம் எடுக்கும் தமிழ்நாட்டு ஆசிரியர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஒரு வேலை தேடி வரும்போது என்னென்ன கேட்க வேண்டும் என்று பிள்ளைக்குப் பழக்க வேண்டும். பிள்ளை கேட்காமல் விட்டாலும், வகுப்பில் காலியான இடத்தைப் பார்த்துப் பள்ளி கேட்க வேண்டும். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த இரண்டுக்காகத்தான்.

படி 1: சட்டம் முதலில் ஆசிரியர் அறைக்குத் தெரியட்டும்

பாடம் எடுப்பவருக்கே எது ஆள்கடத்தல் என்பதில் குழப்பம் இருந்தால் வகுப்பு தடுமாறும். பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 143 இதைப் பற்றியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் இந்திய தண்டனைச் சட்டத்தின் 370ஆவது பிரிவு. மூன்று கேள்விகளாகப் பிரித்துக்கொண்டால் எளிது. என்ன செய்தார்கள்? ஆள் சேர்த்தார்கள், அழைத்துப் போனார்கள், தங்க வைத்தார்கள், கைமாற்றினார்கள் அல்லது பெற்றுக்கொண்டார்கள். எப்படிச் செய்தார்கள்? மிரட்டி, ஏமாற்றி, அதிகாரத்தைக் காட்டி, பணம் கொடுத்து, ஆசை காட்டி. எதற்காக? உழைப்பையோ உடலையோ சுரண்ட. கொத்தடிமை போன்ற நிலை, பிச்சை எடுக்க வைப்பது, உறுப்புகளை எடுப்பது எல்லாம் இதில் அடங்கும்.

இரண்டு விஷயங்களை அழுத்தமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்பது இந்தக் குற்றத்தில் பொருட்டே இல்லை. ஆகவே "அவளே விரும்பித்தான் போனாள்" என்ற பேச்சு இங்கே எடுபடாது. அடுத்தது, 18 வயதுக்கு உட்பட்டவரைக் கடத்தினால் தண்டனை குறைந்தது 10 ஆண்டு, ஆயுள் வரைக்கும் போகலாம். ஐ.நா.வின் 2000ஆம் ஆண்டு ஆள்கடத்தல் தடுப்பு நெறிமுறை இன்னும் ஒரு படி மேலே போகிறது. சுரண்டுவதற்காக ஒரு குழந்தையைக் கூட்டிப் போயிருந்தால், ஏமாற்றினார்களா மிரட்டினார்களா என்று பார்க்கவே தேவையில்லை என்கிறது.

கூடவே 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், போக்சோ சட்டம் 2012, இளைஞர் நீதிச் சட்டம் 2015, குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006 ஆகியவற்றின் சாரம் தெரிந்திருந்தால் போதும். வழக்கறிஞர் அளவுக்குத் தேவையில்லை.

படி 2: உங்கள் ஊரின் வழித்தடங்களைக் கண்டுபிடியுங்கள்

நான் மிக முக்கியம் என்று நினைக்கும் படி இது. பலரும் தாண்டிப் போய்விடுவதும் இதைத்தான். ஒவ்வொரு வட்டாரத்திலும் பிள்ளைகள் போகும் வழி வேறு. தென் மாவட்டங்களிலிருந்தும் டெல்டாவிலிருந்தும் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளுக்குப் மூன்று வருடம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லிப் பெண் பிள்ளைகளைச் சேர்ப்பது நீண்ட காலம் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நடந்தது. அந்தப் பெயரை இப்போது யாரும் சொல்வதில்லை. அதே ஏற்பாடு வேறு பெயரில் வரலாம். மதுரை, உசிலம்பட்டிப் பக்கத்துச் சிறுவர்கள் வடமாநில முறுக்குப் பட்டறைகளுக்குப் போயிருக்கிறார்கள். டெல்டாவில் ஆட்டுக்கிடை போடுபவர்களிடம் கடனுக்கு ஈடாகப் பிள்ளைகள் ஒப்படைக்கப்பட்டு, பிறகு மீட்கப்பட்டிருக்கிறார்கள். வட மாவட்டங்களில் செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு போகிறவர்களில் இருளர் குடும்பங்கள் அதிகம். திருப்பூர், சென்னை மாதிரி ஊர்களில் கதை தலைகீழ்: பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்த பிள்ளைகள் உங்கள் பள்ளிக்கு அடுத்த தெருவிலேயே வேலை பார்த்துக்கொண்டிருக்கலாம்.

உங்கள் ஊரில் எது? பதில் உங்கள் அலமாரியிலேயே இருக்கிறது. கடந்த மூன்று ஆண்டு வருகைப் பதிவேட்டையும் எமிஸ் (மாணவர் விவரங்கள் இருக்கும் பள்ளிக் கல்வித் துறையின் இணையத் தளம்) பதிவையும் எடுத்து, இடையில் நின்ற பிள்ளைகளின் பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று கேள்வி: இப்போது எங்கே இருக்கிறார், யார் கூட்டிப் போனார், எந்த மாதம் போனார். அங்கன்வாடிப் பணியாளர், சத்துணவு அமைப்பாளர், கிராம சுகாதார செவிலியர் ஆகியோரிடம் கேட்டாலே பாதிப் பதில் கிடைத்துவிடும். ஒரே தெரு, ஒரே மாதம், ஒரே ஆளின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் வழித்தடம் தெரிந்துவிட்டது. பாடத்தை அதை வைத்துத்தான் கட்ட வேண்டும். இந்தப் பட்டியல் தலைமையாசிரியரிடம் பூட்டி இருக்கட்டும். ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருபோதும் போடாதீர்கள்.

படி 3: வகுப்பு தொடங்கும் முன்னரே ஏற்பாடுகளை முடியுங்கள்

இந்தப் பாடத்தை ஒழுங்காக எடுத்தால் ஒரு பிள்ளையாவது உங்களிடம் வந்து ஏதாவது சொல்லும். அன்று என்ன செய்வது என்று அன்று யோசித்தால் காரியம் கெட்டுவிடும். அதனால் முதலில் தலைமையாசிரியரின் ஒப்புதல். அடுத்து இரண்டு பொறுப்பாசிரியர்கள், அதில் ஒருவர் கட்டாயம் பெண். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் அலுவலரைப் பள்ளிக்கு அழைத்து அறிமுகம் செய்துகொள்ளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டி உங்கள் பள்ளியில் இருக்கிறதா? இருந்தால் சாவி யாரிடம், எத்தனை நாளுக்கு ஒருமுறை திறக்கிறார்கள் என்று பாருங்கள். தூசு படிந்து தொங்கும் பெட்டியில் எந்தப் பிள்ளையும் சீட்டுப் போடாது.

படி 4: வயதுக்கு ஏற்பப் பிரியுங்கள்

6 முதல் 8 வரை உள்ளவர்களுக்குப் பாலியல் சுரண்டலின் விவரங்கள் வேண்டாம். வீட்டு முகவரி, பெற்றோரின் கைபேசி எண் மனப்பாடம், ரயில் நிலையத்தில் தொலைந்துபோனால் யாரிடம் போவது, 14 வயதுக்குள் வேலைக்கு வைப்பது குற்றம், உடம்பைப் பற்றிய பாதுகாப்பு விதிகள். இவ்வளவு போதும்.

9, 10ஆம் வகுப்புகள்தான் களம். இடைநிற்றல், குழந்தைத் திருமணம், மில் வேலை எல்லாம் சுற்றி நிற்கும் வயது. 11, 12க்கு வெளிநாட்டு வேலை, இணையவழி வலைவீச்சு, கடன் செயலிகள் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பையன்களைத் தனியாக வெளியே அனுப்பிவிட்டுப் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் நடத்துவது பல இடங்களில் வழக்கம். அதை விட்டுவிடுங்கள். முறுக்குப் பட்டறைக்கும் ஆட்டுக்கிடைக்கும் போவது பையன்கள்தான்.

படி 5: முதல் வகுப்பு, ஒரே ஒரு துண்டு நோட்டீஸ்

ஒரு பாடவேளை போதும். படம், வீடியோ எதுவும் தேவையில்லை. கரும்பலகையில் இப்படி எழுதுங்கள்:

"பெண் பிள்ளைகள் வேலைக்குத் தேவை. வயது 15 முதல் 20. தங்குமிடம், சாப்பாடு இலவசம். வாரம் ஒருநாள் கோயில், கடைக்கு அழைத்துச் செல்லப்படும். மூன்று வருடம் முடிந்ததும் மொத்தமாகப் பணம். அழைத்துப் போக வேன் வரும்."

இதில் என்ன நன்றாக இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். கையை உயர்த்துவார்கள்: சாப்பாடு இலவசம், கல்யாணத்துக்குக் காசு சேரும், அம்மாவுக்குச் செலவில்லை. எல்லாவற்றையும் எழுதுங்கள், மறுக்காதீர்கள். இந்த ஆசைகளில் எதுவும் தப்பில்லை. அதை முதலில் ஒப்புக்கொண்டால்தான் பிள்ளைகள் உங்களோடு தொடர்ந்து பேசுவார்கள்.

அப்புறம் கேளுங்கள்: இதில் எழுதாமல் விட்டது என்ன? கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும். பிறகு ஒருத்தி "மில்லு பேரே இல்ல மிஸ்" என்பாள். அடுத்து வரிசையாக வரும். மாதச் சம்பளம் எவ்வளவு? எத்தனை மணி நேர வேலை? ராத்திரி ஷிப்ட் உண்டா? போன் வைத்துக்கொள்ளலாமா? பொங்கலுக்கு வீட்டுக்கு விடுவார்களா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா? உடம்பு முடியாமல் இரண்டாவது வருடமே திரும்பி வந்தால் அந்த மொத்தப் பணம் என்ன ஆகும்? கடைசிக் கேள்வி அவர்களாகக் கேட்கவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள். சுமங்கலி ஏற்பாட்டின் முடிச்சு அங்கேதான் இருந்தது. கூலியின் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, மூன்று வருடம் முடித்தால்தான் தருவோம் என்பார்கள். நடுவில் நோய்வாய்ப்பட்டு வெளியே வந்த எத்தனையோ பெண்கள் அதைப் பார்க்கவே இல்லை. பிடித்து வைத்த கூலிதான் ஆளையும் பிடித்து வைத்தது.

ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். வகுப்பில் யாராவது ஒருத்தியின் அக்கா மில்லில் இருப்பாள், அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடும். மில் வேலையே கேவலம் என்பது போல் ஒரு வார்த்தை வந்துவிடக் கூடாது. 18 வயது நிரம்பி, மாதாமாதம் சம்பளம் தன் கணக்கில் வாங்கி, வேண்டாம் என்றால் விட்டுவிட்டு வர முடிகிற வேலை வேறு.

படி 6: மறுத்துப் பேசப் பழக்குங்கள்

நோட்டீசை அலசத் தெரிந்த பிள்ளைகூடச் சொந்தக்காரர் எதிரே வாயடைத்துப் போகும். அதற்கு நடித்துப் பழகுவது ஒன்றே வழி. இரண்டு மாணவிகளை முன்னே அழைத்து, ஒருத்தியைச் சித்தி ஆக்குங்கள். உரையாடல் ஏறக்குறைய இப்படிப் போகும்:

"மார்க்கு வாங்கி என்ன கண்ணு ஆகப்போவுது? மூணு வருசம் கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள ஓடிரும். அம்மாவுக்கும் பாரம் கொறையும்."

"மில்லு பேரு என்ன சித்தி? எந்த ஊரு?"

"திருப்பூருப் பக்கம்தான். பேரெல்லாம் எதுக்கு, நான்தான் கூட்டிட்டுப் போறேன்ல."

"மாசச் சம்பளம் யாரு கணக்குல போடுவாங்க?"

"என்ன இப்பிடிக் கேள்வி கேக்குற? என் மேல நம்பிக்கை இல்லையா?"

இந்த இடத்தில் நிறுத்துங்கள். பெரும்பாலான பிள்ளைகள் மடங்கிப்போவது இந்தக் கடைசி வரியில்தான். வகுப்பையே கேளுங்கள்: இதற்கு மரியாதை குறையாமல் என்ன பதில் சொல்லலாம்? நல்ல பதில்கள் அவர்களிடமிருந்தே வரும். "நம்பிக்கை இருக்கு சித்தி, இதையே அப்பாகிட்டயும் எங்க டீச்சர்கிட்டயும் ஒரு தடவை சொல்லிருங்க" என்பது எனக்குப் பிடித்த பதில். சண்டை இல்லை, முறிவு இல்லை, விஷயம் வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறது. நேர்மையான வேலை என்றால் சித்தி தயங்க மாட்டார். சித்தியே ஏமாந்திருக்கவும் கூடும். தலைக்கு இவ்வளவு கமிஷன் என்று தரகர் கொடுப்பதை அவர் உதவியாக நினைத்து வாங்கியிருக்கலாம். ஆகவே நாடகத்தில் சித்தியை வில்லியாகச் சித்திரிக்க வேண்டாம். பையன்களுக்கு இதே நாடகம், மாமாவும் போர்வெல் லாரியும் வைத்து.

படி 7: மேல்நிலை வகுப்புகளுக்குக் கைபேசி வழியாக வரும் வலை

"பாங்காக்கில் டேட்டா என்ட்ரி, மாதம் 80 ஆயிரம், டிக்கெட் நாங்களே போடுகிறோம்" என்ற மாதிரி விளம்பரத்தை நம்பிப் போனவர்கள் தாய்லாந்து எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிப் பகுதியில் அடைக்கப்பட்டு, இணைய மோசடி வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். மறுத்தால் அடி, மின்சார ஷாக். 2022இல் வெளியுறவு அமைச்சகமே இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. அதே ஆண்டில் தமிழ்நாட்டு இளைஞர்கள் சிலர் மீட்கப்பட்டு ஊர் வந்து சேர்ந்தார்கள். படித்த, கணினி தெரிந்த பிள்ளைகள்தான் இதன் குறி. எனவே "நன்றாகப் படித்தால் தப்பிக்கலாம்" என்று சொல்லி முடித்துவிடாதீர்கள்.

வகுப்பிலேயே செய்துகாட்டுங்கள். ஒன்றிய அரசின் இ-மைகிரேட் தளத்தைத் திறந்து, பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர்கள் பட்டியலில் ஒரு பெயரைத் தேடுவது எப்படி என்று காட்டுங்கள். முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே சந்தேகம் வர வேண்டும். சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்புவதாகச் சொன்னால் பேச்சை நிறுத்திவிடலாம். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது. மாநில அரசுக்கு அயலகத் தமிழர் நலத்துறையும் இருக்கிறது. இவை இருப்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாது.

காதல் என்று சொல்லி வருவதையும் தயங்காமல் பேசுங்கள். இன்ஸ்டாகிராமில் பழகி, படம் வாங்கி, பிறகு அதை வைத்து மிரட்டி வரவழைப்பது. பிள்ளை மாட்டிக்கொண்டதை வெளியே சொல்லாததற்குக் காரணம் வீட்டில் விழப்போகும் அடி. "படம் அனுப்பியது நீயாக இருந்தாலும் குற்றவாளி நீ இல்லை, மிரட்டுகிறவன்தான்" என்று ஆசிரியர் வாயால் ஒருமுறை கேட்டுவிட்டால், பிறகு உதவி தேடி வருவார்கள்.

படி 8: எண்களைப் பழக்கத்தில் கொண்டுவாருங்கள்

1098 குழந்தைகளுக்கு, 112 காவல் உள்ளிட்ட எல்லா அவசரத்துக்கும், 181 பெண்களுக்கு, 1930 இணையக் குற்றத்துக்கு, 14417 பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். சுவரில் எழுதினால் மட்டும் போதாது. இருவர் இருவராக உட்காரவைத்துப் பேசிப் பழக விடுங்கள், நிஜமாக அழைக்காமல். "நான் எங்கே இருக்கிறேன், கண்ணுக்கு என்ன தெரிகிறது, என்னோடு எத்தனை பேர், எனக்கு என்ன வயது." இந்த நான்கையும் பதற்றத்திலும் சொல்லத் தெரிய வேண்டும். ஊர் பெயர் தெரியாவிட்டால் கடைப் பலகை, பஸ் எண், மில் வாசலில் உள்ள பெயரைப் படித்துச் சொல்லலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வேற்று மாநிலத்திலும் 1098, 112 வேலை செய்யும்.

படி 9: ஒரு பிள்ளை உங்களிடம் சொல்லிவிட்டால்

"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உனக்கு உதவி செய்ய வேண்டியவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்று சொல்லுங்கள். குறுக்கு விசாரணை வேண்டாம். ஒருமுறை சொன்னதைப் பிள்ளையின் சொந்த வார்த்தையிலேயே எழுதி, தேதி போட்டு வையுங்கள். தலைமையாசிரியருக்கும் 1098க்கும் அன்றே தகவல் போக வேண்டும். பாலியல் குற்றம் என்றால் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி புகார் செய்வது சட்டக் கடமை. மறைத்தால் ஆசிரியரும் பள்ளி நிர்வாகமும் தண்டனைக்கு உள்ளாவார்கள். பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று உள்ளுக்குள்ளேயே பேசி முடிக்க முயல்கிறவர்கள் அந்தப் பிள்ளையை இரண்டாவது முறை கைவிடுகிறார்கள்.

தரகர் வீட்டுக்கு நேரே போய்ச் சத்தம் போடுவது, ஊர்ப் பஞ்சாயத்துக் கூட்டுவது இரண்டும் வேண்டாம். அவர்கள் சுதாரித்துப் பிள்ளையை இடம் மாற்றிவிடுவார்கள். மீட்கப்பட்ட பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும், அதை உரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பெயர், படம், பள்ளியின் பெயர் எதுவும் வெளியே போகக் கூடாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு அதைக் குற்றம் என்கிறது.

பிள்ளையையே காணவில்லை என்றால் காவல் நிலையத்தில் "ரெண்டு நாள் பாப்போம்" என்று சொல்ல இடமில்லை. காணாமல் போன குழந்தை பற்றிய புகார் வந்தால் கடத்தலாகவே கருதி முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் உத்தரவிட்டிருக்கிறது. பெற்றோருக்கு இது தெரியாது. அதனால் கூடவே ஒரு ஆசிரியர் போவது நல்லது.

படி 10: பெற்றோரிடம் பேசும்போது கடனைப் பற்றிப் பேசுங்கள்

பிள்ளையை விற்க நினைத்து யாரும் வேனில் ஏற்றுவதில்லை. மருத்துவச் செலவுக்கோ மூத்தவள் கல்யாணத்துக்கோ வாங்கிய முன்பணம் கழுத்தை நெரிக்கும்போது ஏற்றுகிறார்கள். அவர்களைக் குற்றவாளி போல நிற்கவைத்தால் அடுத்த கூட்டத்துக்கு வர மாட்டார்கள். கொத்தடிமைக் கடன் சட்டப்படி செல்லாது, திருப்பிக் கட்டும் கடமையே கிடையாது என்பதை எளிமையாகச் சொல்லுங்கள். கோட்டாட்சியரிடம் விடுதலைச் சான்றிதழ் பெற்றால் அரசின் மறுவாழ்வு உதவி கிடைக்கும். பெண் பிள்ளை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. விடுதி, கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களை அந்தக் கூட்டத்திலேயே நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு நிரப்பிய படிவம் ஒரு மணி நேரப் பேச்சைவிடப் பெரிய வேலை செய்யும்.

படி 11: எப்போது நடத்துவது?

ஜூலை 30 உலக ஆள்கடத்தல் எதிர்ப்பு நாள், ஜூன் 12 குழந்தைத் தொழிலாளர் முறை எதிர்ப்பு நாள். உறுதிமொழி எடுக்கட்டும், தவறில்லை. ஆனால் ஆள் சேர்ப்பவர்கள் அந்தத் தேதிகளைப் பார்த்து வருவதில்லை. தீபாவளி, பொங்கலுக்கு வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் ஊருக்கு வரும்போது கூடவே வருவார்கள். முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் வருவார்கள், தேர்வு முடிவு வந்து தோற்ற பிள்ளை அழுதுகொண்டிருக்கும் வாரத்தில் வருவார்கள். அந்தந்தக் காலத்துக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு வகுப்பு. தேர்வு முடிவு வந்த மறுநாளே தோல்வியடைந்தவர்களின் வீட்டுக்கு ஒரு ஆசிரியர் போய், துணைத் தேர்வுக்குப் பதிவு செய்துவிட வேண்டும்.

ஆண்டு முழுவதற்கும் ஒரு விதி: சொல்லாமல் மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்குக் கட்டாயம் போன் போகும், ஐந்தாம் நாள் ஆள் போகும். "ஊருக்குப் போயிருக்கா" என்றால் எந்த ஊர், யாரோடு, எப்போது திரும்புவாள், ஒருதடவை போனில் பேச முடியுமா என்று கேளுங்கள்.

படி 12: பலன் இருக்கிறதா என்று பாருங்கள்

கட்டுரைப் போட்டி, ஓவியப் போட்டி நடத்திச் சங்கிலியால் கட்டிய குழந்தைப் படங்களைச் சுவரில் ஒட்டுவதால் பிள்ளை எதையும் கற்காது. "நம்மை அப்படிக் கட்டவில்லையே, அப்ப இது அது இல்லை" என்ற தவறான நினைப்புத்தான் வளரும். மூன்று மாதம் கழித்துப் புதிதாக வேறொரு வேலை விளம்பரத்தைக் கொடுத்து, விடுபட்டதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எத்தனை கேள்வி கேட்கிறார்கள் என்று பாருங்கள். ஆண்டு முடிவில் படி 2இல் போட்ட பட்டியலை மறுபடி போட்டு ஒப்பிடுங்கள்.

படி 13: திரும்பி வந்த பிள்ளை

கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 4ஆம் பிரிவுப்படி, இடையில் நின்ற 6 முதல் 14 வயதுப் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதைப் பிடிக்கச் சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும். மாற்றுச் சான்றிதழ் இல்லை, ஆண்டின் நடுவில் வந்துவிட்டாய் என்று திருப்பி அனுப்பக் கூடாது. மற்ற பிள்ளைகளுக்கு எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று அந்தப் பிள்ளையை மேடையேற்றிப் பேச வைப்பதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். வந்த நாளில் புத்தகம், சீருடை, பஸ் பாஸ் மூன்றும் தயாராக இருக்கட்டும். பழைய தோழி பக்கத்தில் இடம் கொடுங்கள். முதல் மாதம் பொறுப்பாசிரியர் தினமும் இரண்டு நிமிடம் சாதாரணமாகப் பேசட்டும், நடந்ததைப் பற்றி எதுவும் கேட்காமல். அடுத்த விடுமுறைக்கு முன் அதே ஆள் மறுபடி வீட்டுக்கு வந்தாரா என்று மட்டும் பெற்றோரிடம் விசாரித்து வையுங்கள்.